டிஷ்வாஷர் மக்கர் செய்கிறதா? மாற்றுவதற்கு முன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் சில ஆண்டுகளாக ஓடும் டிஷ்வாஷர். கண்ணாடித் தம்ளர்கள் வெளுத்துக்கொண்டே போகின்றன. கழுவி முடித்த பிறகும் அடியில் தண்ணீர் நிற்கிறது. சில நாள் பாதியிலேயே நின்று ஏதோ எழுத்தும் எண்ணும் காட்டுகிறது. உப்பு, சோப்பு எல்லாம் தாராளமாகத்தான் போடுகிறேன். மிஷினையே மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் கோளாறு இரண்டே இடத்தில்தான் இருக்கும். ஒன்று, அழுக்குத் தண்ணீர் வெளியேறும் பாதை. இன்னொன்று, அந்தத் ‘தாராளம்’.

டிஷ்வாஷர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஏறக்குறைய 3 முதல் 4 லிட்டர் தண்ணீரைத்தான் எடுக்கும். அதையே சூடாக்கி, வடிகட்டி, மேலே பீய்ச்சி, கீழே விழுந்ததைத் திரும்பவும் பீய்ச்சும். பிறகு வெளியேற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் எடுத்து அலசும். வெளியேற்றுவது அரைகுறையாக நடந்தால், சோப்பும் எண்ணெயும் கலந்த பழைய தண்ணீரிலேயே அலசல் நடக்கும். தம்ளரில் படியும் வெள்ளைக்கு அதுவும் ஒரு காரணம். அதனால் முதலில் தண்ணீர் தேங்குவதைச் சரிசெய்யுங்கள். வெளுப்பைப் பிறகு பார்க்கலாம்.

ஃபில்டருக்கு அடியில் உள்ள குழியில் ஒரு கோப்பை அளவு தெளிந்த தண்ணீர் நிற்பது இயல்பு. பம்பின் ரப்பர் காயாமல் இருப்பதற்காக அது அங்கேயே நிற்கும். தட்டையான அடிப்பகுதி முழுக்கத் தண்ணீர் பரவியிருந்தாலோ, கலங்கலாக இருந்தாலோதான் பிரச்சினை.

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. கீழ்த் தட்டை வெளியே எடுத்து, தண்ணீரைக் கோப்பையால் மொண்டு, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள். நடுவில் உள்ள உருளை ஃபில்டரைப் பெரும்பாலான மாடல்களில் இடப்பக்கம் திருகினால் மேலே வந்துவிடும். அதற்குள் இன்னொரு நுண்சல்லடை இருக்கும், அதையும் பிரித்தெடுங்கள். வெந்நீர், பாத்திர சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். கம்பி நார் போட்டுத் தேய்த்தால் சல்லடை கிழிந்துவிடும். கிழிந்த சல்லடை வழியாகப் போகிற கடுகு கடைசியில் தண்ணீரைப் பீய்ச்சும் தெளிப்புக் கையின் துளையில் போய் உட்காரும். திரும்ப மாட்டும்போது பூட்டிக்கொள்ளும் வரை திருகுங்கள். லேசாகத் தூக்கிக்கொண்டிருக்கும் ஃபில்டரும் எல்லாவற்றையும் பம்புக்குள் விட்டுவிடும். தினமும் ஓட்டும் வீட்டில் இதை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும்.

நம் சமையலில் ஃபில்டரை அடைப்பவை கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, புளிக் கோது, தேங்காய்த் துருவல், நெத்திலி முள், பண்டான் இலை நார். மாவுப் பாத்திரம் தனி ரகம். இட்லி மாவைக் குழாயடியில் ஒருமுறை அலசாமல் வைத்தால், உளுந்தின் கொழகொழப்பு சல்லடையின் மேல் ஏடுபோல் படிந்துவிடும். தட்டுகளை முன்கூட்டியே தேய்க்க வேண்டியதில்லை. மிச்சத்தைக் குப்பையில் தட்டிவிட்டாலே போதும். மாவுப் பாத்திரத்தை மட்டும் அலசித்தான் வைக்க வேண்டும்.

ஃபில்டர் சுத்தமாகியும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் அடுத்தது வெளியேற்றும் பம்பு. ஃபில்டரை எடுத்த குழியின் ஓரத்தில், பல மாடல்களில் வலப்பக்கம், ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். கரண்டிக் காம்பால் நெம்பினால் கழன்று வரும். அதற்குப் பின்னால்தான் பம்பின் விசிறி. கை உறை போட்டுக்கொள்ளுங்கள்; உடைந்த கண்ணாடிச் சில்லு அங்கேதான் ஒளிந்திருக்கும். கோழி எலும்பு, பல்குத்தும் குச்சி, சாத்தே குச்சியின் முறிந்த முனை, எலுமிச்சை விதை எல்லாம் வந்து சேரும் இடமும் அதுதான். விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். உள்ளே காந்தம் இருப்பதால் வழுக்கிக்கொண்டு சுற்றாது, தடக் தடக்கென்று விட்டுவிட்டுத்தான் நகரும். அதைப் பழுது என்று நினைக்காதீர்கள். எந்தப் பிடிப்பும் இல்லாமல் தொளதொளவென்று ஆடினால்தான் விசிறி உடைந்திருக்கிறது. மூடியைத் திரும்பப் போடும்போது ‘க்ளிக்’ சத்தம் வர வேண்டும். மூடி சரியாக உட்காராவிட்டாலும் தண்ணீர் வெளியேறாது.

இதற்கும் அசையவில்லை என்றால் வெளியே போகும் ஹோஸ். சிங்கப்பூர் வீடுகளில் பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான். சர்வீஸ் யார்டிலோ சிங்குக்கு அடியிலோ இருக்கும் ஃபுளோர் டிராப்பில் (தரை வடிகால்) ஹோஸை நேராகத் தரையோடு விட்டுவிடுவார்கள். அப்படி விட்டால், மிஷின் தண்ணீர் எடுக்க எடுக்க, அது தானாகவே இழுபட்டு வெளியே ஓடும். மிஷின் ‘இன்னும் நிரம்பவில்லை’ என்று நினைத்து மேலும் மேலும் எடுக்கும். கடைசியில் தண்ணீர் வரவில்லை என்று எச்சரிக்கை காட்டும். குழாயிலோ தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருக்கும். ஹோஸ் ஓரிடத்திலாவது தரையிலிருந்து குறைந்தது 40 செ.மீ. உயரத்துக்கு ஏறி இறங்க வேண்டும். சிங்கின் அடிப்பகுதியை ஒட்டி மேலே தூக்கிக் கட்டிவிடுவது இன்னும் நல்லது. ஹோஸின் முனை டிராப்பின் தண்ணீருக்குள் முங்கியிருக்கவும் கூடாது.

மறுபுறம், சிங்கின் வளைகுழாயில் இணைத்திருந்தால் வேறொரு சிக்கல் வரலாம். புது வளைகுழாயின் பக்கவாட்டு முனை உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் அடைபட்டிருக்கும். அதை வெட்டி எடுக்காமலே ஹோஸை மாட்டிவிட்டுப் போகிற பிளம்பர்கள் உண்டு. சமையலறை புதுப்பித்த மறுநாளிலிருந்து தண்ணீர் தேங்குகிறது என்றால் முதல் சந்தேகம் இந்தத் தகட்டின் மேல்தான். சிங்கில் கழுவும் தண்ணீர் மிஷினுக்குள் திரும்பி வந்தால், ஹோஸ் போதிய உயரத்தில் இல்லை, அல்லது பம்பின் வாயில் உள்ள ஒருவழி ரப்பர் வால்வில் அழுக்கு சிக்கியிருக்கிறது.

திரையில் வரும் குறிகளைப் பற்றி ஒரு வார்த்தை. போஷ் மாடல்களில் ஈ 24, ஈ 25 இரண்டும் வெளியேற்றும் பாதை அடைப்பு. சாம்சங்கில் 5 சி, எல்ஜியில் ஓ ஈ, எலக்ட்ரோலக்ஸில் ஐ 20 என்பவையும் அதையேதான் சொல்கின்றன. தண்ணீர் உள்ளே வரவில்லை என்றால் சாம்சங் 4 சி, எல்ஜி ஐ ஈ, எலக்ட்ரோலக்ஸ் ஐ 10. போஷில் ஈ 15 வந்தால் கசிவு. அதைப் பிறகு சொல்கிறேன். குறி சொல்வது எந்த வேலை நடக்கவில்லை என்பதை மட்டும்தான். எந்த உதிரிபாகம் கெட்டது என்பதை அல்ல. ஈ 24 வந்தவுடன் புது பம்பு வாங்குவது வீண் செலவு.

இனி வெளுப்பு. நான்கு விதமான வெள்ளை உண்டு. நான்குக்கும் வைத்தியம் வேறு என்பதால், எது என்று முதலில் சோதித்துவிடுங்கள். காய்ந்த தம்ளரை ஈரத் துணியால் துடைத்தாலே போய்விட்டால் அது சோப்பு மிச்சம். தண்ணீரில் போகாமல், எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தடவி ஐந்து நிமிடத்தில் போனால் சுண்ணாம்புப் படிவு. இரண்டிலும் போகாமல் லேசான வழவழப்போடு இருந்தால் கஞ்சிப் படலமாக இருக்கலாம். சோறும் உருளைக்கிழங்கும் விட்டுச்செல்வது. முதலுதவிப் பெட்டியில் இருக்கும் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் நீர்த்து ஒரு சொட்டு விடுங்கள். நீலக்கறுப்பாக மாறினால் கஞ்சியேதான். எதற்கும் போகாமல், கண்ணாடியே பனி படர்ந்ததுபோல் இருந்தால், அது படிவே அல்ல. கண்ணாடி அரிக்கப்பட்டுவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. மற்றத் தம்ளர்களையாவது காப்பாற்றலாம்.

உங்கள் வீட்டில் நடப்பது நான்காவது வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. யூடியூபில் வரும் அறிவுரைகளில் பெரும்பகுதி ஐரோப்பாவின் கடினத் தண்ணீருக்கோ சென்னையின் போர்வெல் தண்ணீருக்கோ சொல்லப்பட்டவை. அங்கே தண்ணீரின் கடினத்தைப் போக்கும் உப்பும் கூடுதல் சோப்பும் தேவை. இங்கே அவையே கெடுதல். மென்தண்ணீர், அதிகச் சூடு, தேவைக்கு மிஞ்சிய காரச் சோப்பு மூன்றும் சேர்ந்தால் கண்ணாடியின் மேற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அதனால் மிஷினின் அமைப்புகளுக்குள் போய் ‘தண்ணீர்க் கடினம்’ என்பதை மிகக் கீழான நிலைக்குக் கொண்டுவாருங்கள். கடையிலிருந்து வரும்போது அது நடுத்தர நிலையில் வைக்கப்பட்டிருக்கும், யாரும் மாற்றுவதில்லை. போஷில் எச் 00 என்று வைத்தால் உப்பு விளக்கும் அணைந்துவிடும், உப்பும் தேவைப்படாது. பொதுப் பயனீட்டுக் கழகம் குழாய்த் தண்ணீரின் தர அளவுகளை இணையத்தில் வெளியிடுகிறது; கடின அளவை அதில் பார்த்து, கையேட்டின் அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். உப்புப் போட்டே ஆக வேண்டிய நிலை இருந்தால், டிஷ்வாஷர் உப்பை மட்டும், ஓட்டுவதற்குச் சற்று முன் போடுங்கள். சிந்திய உப்பு இரவு முழுக்க ஸ்டீலில் கிடந்தால் துரு பிடிக்கும். அயோடின் கலந்த சமையல் உப்பு கூடவே கூடாது.

சோப்பு எவ்வளவு? பவுடர் என்றால் முழுத் தட்டு நிறைந்த கழுவலுக்கு 15 முதல் 20 கிராம், அதாவது மட்டமாக ஒரு மேசைக்கரண்டியைவிடச் சற்றுக் கூடுதல். பாதி நிறைந்தால் 10 கிராம். மாத்திரையில் இப்படிக் குறைக்க முடியாது என்பதால், சிங்கப்பூரைப் பொறுத்தவரை என் ஓட்டு பவுடருக்குத்தான். ஒரே குறை, இங்கே உள்ள ஈரப்பதத்தில் பவுடர் கட்டியாகிவிடும். இறுக்கமான டப்பாவில், அடுப்புக்கும் சிங்குக்கும் தள்ளி வையுங்கள். ஜெல் வாங்குவதானால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: அதில் பொதுவாக வெளுக்கும் பொருள் இருக்காது. மஞ்சள், தக்காளி, டீக் கறை பிளாஸ்டிக்கிலும் கோப்பையிலும் தங்கிவிடுகிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் ஜெல் போடுபவர்கள். மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பாவை வெயிலில் ஒரு பகல் வைத்தால், எந்தச் சோப்பையும்விட நன்றாக வெளுக்கும்.

மாத்திரை கரையாமல் அப்படியே கிடந்தால், சோப்பைக் குறை சொல்வதற்கு முன் பெட்டியின் மூடியைப் பாருங்கள். உயரமான தட்டோ கரண்டிக் காம்போ அதைத் திறக்கவிடாமல் முட்டிக்கொண்டிருக்கும். ஈரக் கையால் மாத்திரையை எடுத்தாலும் அது பெட்டியோடு ஒட்டிக்கொள்ளும். முப்பது நிமிட விரைவுக் கழுவலில் சில மாத்திரைகள் முழுதாகக் கரைவதே இல்லை.

பாத்திரம் சுத்தமாகவில்லை என்றால் தெளிப்புக் கைகளைக் கழற்றி, துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிடுங்கள். பல்குத்தும் குச்சி வேண்டாம். முனை ஒடிந்து உள்ளேயே தங்கிவிடும். கையைக் குலுக்கிப் பாருங்கள்; உள்ளே சலசலத்தால் வாய் வழியாகத் தட்டி எடுங்கள். கை சுற்றுகிறதா என்று தெரிய, அதை முன்பக்கம் பார்க்க வைத்துக் கதவை மூடி ஓட்டிவிட்டு, சில நிமிடம் கழித்து நிறுத்திப் பாருங்கள். இரண்டு மூன்று முறை பார்த்தும் அதே நிலையில் இருந்தால் ஏதோ தடுக்கிறது. அதோடு, எவர்சில்வர் தம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் எந்த மிஷினும் கழுவாது. குழிக் கிண்ணங்கள் கவிழ்ந்து, நடுவைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும்.

சூடு வருகிறதா என்பதையும் சோதியுங்கள். 65 டிகிரிக் கழுவலில் போட்டு, அரை மணி நேரம் கழித்து நிறுத்தி, கதவை மெதுவாகத் திறங்கள். ஆவி முகத்தில் அடிக்க வேண்டும், தள்ளி நில்லுங்கள். வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் ஹீட்டர், வெப்பம் அளக்கும் சென்சார், அல்லது போர்டில் உள்ள ரிலே பழுது. திரையில் காட்டும் மீதி நேரம் ஓரிடத்திலேயே நின்றுவிட்டது என்பதும் பல முறை இதன் அறிகுறிதான்: சூடு ஏறக் காத்துக்கொண்டே இருக்கும். இது வீட்டில் திறந்து பார்க்கும் வேலை இல்லை.

தண்ணீர் குறைவாக வந்தால், குழாயை மூடி, உள்ளே வரும் ஹோஸைக் கழற்றி, அதன் வாயில் உள்ள சிறு சல்லடையைக் கழுவுங்கள். புளோக்கின் தண்ணீர்த் தொட்டி கழுவிய பிறகோ, குழாய் வேலைக்காகத் தண்ணீரை நிறுத்தித் திறந்த பிறகோ இதில் மண் சேரும். அதே குழாயில் வாளியை வைத்து அளந்து பாருங்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் வந்தால் கவலையில்லை. வாஷிங் மெஷினோடு ஒரே குழாயைப் பங்கிட்டிருந்தால் இரண்டையும் ஒன்றாக ஓட்டிச் சோதிக்காதீர்கள். ஹோஸின் குழாய்ப்பக்க முனையில் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தால் அது வெள்ளத் தடுப்பு வால்வு. பல மாடல்களில் அதற்குள் மின்சாரம் ஓடுகிறது. வெட்டவோ தண்ணீரில் முக்கவோ கூடாது.

கசிவு. மிஷின் அடித்தட்டில் (கழுவும் தொட்டிக்கும் கீழே இருப்பது) தண்ணீர் சேர்ந்தால் உள்ளே ஒரு மிதவை உயர்ந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். போஷில் ஈ 15 அதுதான். பட்டனை அணைத்தாலும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குழாயை மூடுங்கள். முதல் கேள்வி: யாராவது கையால் பாத்திரம் கழுவும் திரவத்தை ஊற்றினார்களா? பணிப்பெண்ணுக்கோ வீட்டுக்கு வந்த விருந்தினருக்கோ டப்பா மாறிப்போவது சாதாரணம். நுரை பொங்கிக் கதவிடுக்கு வழியாக அடித்தட்டுக்குப் போயிருக்கும். நுரையை மொண்டு எடுத்துவிட்டு, ஒரு கரண்டி சமையல் எண்ணெய் ஊற்றினால் மீதி நுரை அடங்கும். அடித்தட்டு காய்ந்த பிறகு, சோப்பில்லாமல் தண்ணீர் மட்டும் எடுத்து வெளியேற்றுங்கள். தேவைப்பட்டால் இரண்டு முறை. தனியாக நிற்கும் மிஷினை இருவர் சேர்ந்து பின்பக்கமாகச் சாய்த்தால் அடித்தட்டுத் தண்ணீர் வடிந்துவிடும். அலமாரிக்குள் பொருத்தியதை அப்படிச் செய்யாதீர்கள்.

நுரை இல்லாமல் முன்பக்கம் நடுவில் கசிந்தால் கதவின் கீழ் ரப்பர், அல்லது மிஷின் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. ரசமட்டம் வைத்து, மயிரிழை பின்னால் சாயும்படி கால்களைத் திருகுங்கள். பின்பக்கம் என்றால் ஹோஸ் இணைப்பு. நடு அடியிலிருந்து வந்தால் பம்பின் ரப்பர். அதற்கு டெக்னீஷியன் வேண்டும். மாடி வீட்டில் கசிவைத் தள்ளிப்போட்டால் கீழ்வீட்டுக் கூரையில் கறை தெரியும்போதுதான் கணக்குப் புரியும்.

காயவில்லை என்ற புகாருக்குப் பாதிக் காரணம் நம் காற்றின் ஈரப்பதம். ரின்ஸ் எய்ட் (கடைசி அலசலில் சேரும் திரவம்) பெட்டியை நிரப்பி, அளவை நடுவில் வையுங்கள். தம்ளரில் துளித்துளியாக நின்றால் ஒரு படி கூட்டுங்கள். நீலக்கோடுகளோ வானவில் பளபளப்போ தெரிந்தால் குறையுங்கள். முடிந்த பதினைந்து நிமிடத்தில் கதவைத் திறந்து, கீழ்த்தட்டை முதலில் காலி செய்யுங்கள்; மேல்தட்டை முதலில் இழுத்தால் அதில் தேங்கிய தண்ணீர் கீழே கொட்டும். பிளாஸ்டிக் எப்படியும் காயாது. அது சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை.

வாடை வந்தால் வினிகரும் பேக்கிங் சோடாவும் சேர்த்து ஊற்றச் சொல்லும் வீடியோக்களை மறந்துவிடுங்கள். அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு, பார்ப்பதற்கு மட்டும் நன்றாகப் பொங்கும். இங்கே வாடைக்குக் காரணம் நெய்யும் ஆட்டுக்கொழுப்பும். எக்கோ கழுவலின் 50 டிகிரியில் அவை முழுதாகப் போவதில்லை. கதவின் கீழ் விளிம்பையும் ரப்பர் மடிப்பையும் சோப்புத் துணியால் துடைத்துவிட்டு, மாதம் ஒருமுறை காலி மிஷினில் சோப்புப் போட்டு 70 டிகிரியில் ஓட்டுங்கள். எக்கோ மட்டுமே ஓட்டும் வீட்டில் வாரம் ஒரு கழுவலாவது 65 டிகிரிக்கு மேல் இருக்கட்டும். மிஷினை ஓட்டாத நாளில் கதவை விரலளவு திறந்து வைப்பது நல்லது, ஆனால் எச்சில் தட்டை உள்ளே வைத்துக்கொண்டு அல்ல. கரப்பான் வரும், பிறகு அடியில் உள்ள வெதுவெதுப்பான போர்டில் குடியேறும்.

எதை வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலுமினிய இட்லிப் பானை கறுத்துவிடும். இரும்புத் தோசைக்கல்லின் எண்ணெய்ப் பதம் போய்த் துரு ஏறும். பித்தளை விளக்கு மங்கும். மண்சட்டி சோப்பைக் குடிக்கும். மர அகப்பை வெடிக்கும். மிக்ஸி ஜாரின் அடியில் உள்ள பேரிங்கில் எண்ணெய் கரைந்து, சில வாரத்தில் கறுப்பாகக் கசியும். மற்ற எவர்சில்வர் பாத்திரங்களில் திடீரென்று துருப்புள்ளி தெரிந்தால், ஏதோ ஒரு மலிவான கத்தி அல்லது பூச்சு உரிந்த தட்டுக் கம்பி துருவைப் பரப்புகிறது. அதைக் கண்டுபிடித்து அகற்றினால் போதும்.

மின்சாரத்தில் மட்டும் கைவைக்க வேண்டாம். மிஷின் ஓடத் தொடங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில், சூடேறும் நேரத்தில், வீடு முழுக்க மெயின் ட்ரிப் ஆனால் ஹீட்டரில் மின்கசிவு இருக்கலாம். மெயின் சுவிட்சைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளி ஓட்டாதீர்கள். எக்ஸ்டென்ஷன் வயரிலும் மாட்டாதீர்கள்: சூடேறும்போது பல மிஷின்கள் 2,000 வாட் அளவுக்கு இழுக்கும், மலிவான வயரின் பிளக் உருகும். புதிதாகப் பிளக் பாயிண்ட் வேண்டுமானால் உரிமம் பெற்ற மின்பணியாளர், தண்ணீர்க் குழாய்ப் பாதையை மாற்றுவதானால் உரிமம் பெற்ற பிளம்பர்.

புது மிஷின் வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகவே சிங்கப்பூரின் ‘லெமன் லா’ (பழுதான பொருள் வாங்கியவரைக் காக்கும் சட்டம்) எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. உங்களுடையது அந்தக் காலம் கடந்தது. ஹீட்டரும் தண்ணீரைச் சுழற்றும் பம்பும் ஒரே பாகமாக வரும் மாடலில் அது போனால் செலவு அதிகம். புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றுவதில் நியாயம் இருக்கிறது. வெளியேற்றும் பம்பு, ரப்பர், வால்வு போன்றவற்றுக்காக மாற்றாதீர்கள்.

டெக்னீஷியனைக் கூப்பிடும் நிலை வந்தால், கதவைத் திறந்ததும் விளிம்பில் தெரியும் ஸ்டிக்கரின் மாடல் எண், திரையில் வந்த குறி, ஓடத் தொடங்கி எத்தனையாவது நிமிடத்தில் நின்றது, அப்போது உள்ளே தண்ணீர் இருந்ததா, சூடாக இருந்ததா ஆகியவற்றைப் போனிலேயே சொல்லுங்கள். சரியான பாகத்தைக் கையோடு எடுத்து வருவார். பார்த்துவிட்டுப் போவதற்கு ஒரு கட்டணம், மாட்ட வருவதற்கு இன்னொன்று என்று இரண்டு முறை கொடுக்க வேண்டியிருக்காது.